நாடாளுமன்றத்தில் கோட்டும் டையும் ஏன்? ஏர்கோன் குளிருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மதியம் 2 மணி. காப்பார் பட்டணத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறீர்கள். வெயில் 33 டிகிரியைத் தொட்டிருக்கிறது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் மக்களவைக் கூட்டம் நேரலையில் போகிறது.

திரையில் தெரியும் ஆண் உறுப்பினர்களில் பெரும்பாலோர் முழுக்கைச் சட்டை, டை, அதற்கு மேல் கோட். அனல் பறக்கும் விவாதம்தான். ஆனாலும் யாருக்கும் வேர்க்கவில்லை.

"ஏர்கோன் இருக்கு, வேர்க்காதுதானே" என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. மண்டபம் குளிராக இருப்பதால் அவர்கள் கோட் போடுகிறார்களா? இல்லை, அவர்கள் கோட் போடுவதால்தான் மண்டபத்தை அவ்வளவு குளிராக வைக்க வேண்டியிருக்கிறதா?

உடை விதி ஒரு பக்கம், ஏர்கோன் இன்னொரு பக்கம் என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம். உண்மையில் இரண்டும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். ஒன்றை மாற்றாமல் மற்றதை மட்டும் மாற்றுவது கடினம். அது ஏன் என்று பார்ப்போம்.

மக்களவையில் என்ன உடை அணிகிறார்கள்?

மக்களவையில் 222 உறுப்பினர்கள். ஆண்களிடம் அதிகம் காணப்படுவது கோட், டை. அதோடு பாஜூ மெலாயு, சொங்கோக் அணிந்தவர்களைப் பார்க்கலாம். ஜுப்பாவும் தலைப்பாகையும் அணிந்து வருபவர்களும் உண்டு. சீக்கிய உறுப்பினர்கள் தங்கள் தலைப்பாகையுடன் வருகிறார்கள். பெண்களிடம் பாஜூ கூரோங், சேலை, மேற்கத்திய பாணி உடை என்று வகைகள் இன்னும் அதிகம்.

மாமன்னர் கூட்டத்தொடரைத் தொடக்கி வைக்கும் நாள் இன்னும் விசேஷம். அன்றைக்குச் சடங்குபூர்வ உடை. சாதாரண கூட்ட நாளைவிட அதில் துணியும் கனமும் கூடுதல்.

ஆக, நம் நாடாளுமன்றத்தில் மேற்கத்திய கோட் ஒன்றுதான் மரியாதையான உடை என்ற நிலை இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

நம் நாடாளுமன்ற நடைமுறையின் பெரும் பகுதி பிரிட்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் முறையிலிருந்து வந்தது. சபாநாயகரின் இருக்கை, செங்கோல், எதிரெதிர் அணிகள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. கோட்டும் டையும் அதே கப்பலில் வந்தவைதான். லண்டனில் வருஷத்தில் பல மாதங்களுக்குக் கம்பளித் துணி தேவை. கோலாலம்பூரில் ஒரு நாளும் தேவையில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, நம் முதல் நாடாளுமன்றம் 1959 செப்டம்பர் 11-ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில் கூடியது. இப்போதைய நாடாளுமன்றக் கட்டடம் 1963 நவம்பர் 2-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் பொதுப்பணித் துறையின் கட்டடக் கலைஞர் ஐவர் ஷிப்லி.

அந்தக் கட்டடத்தின் கோபுரத்தை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? வெளிப்புறம் முழுக்க சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு கான்கிரீட் போர்வை இருக்கும். அன்னாசிப் பழத் தோல் மாதிரி இருக்கு என்று பலரும் சொல்வார்கள். அது வெறும் அலங்காரம் இல்லை. வெயில் நேரடியாகச் சன்னல்களில் விழாமல் தடுக்கும் நிழல் மறைப்பு அது.

ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். கட்டடத்துக்கு இந்த ஊர் வெயிலுக்கு ஏற்ற உடையைப் போட்டுவிட்டார்கள். உள்ளே உட்காருபவர்களின் உடை மட்டும் வேறு ஊர் குளிருக்கு ஏற்றதாகவே இருந்துவிட்டது.

கோட் உடம்புக்கு என்ன செய்கிறது?

உடை உடம்புச் சூட்டை எவ்வளவு தடுத்து வைக்கிறது என்பதை அளக்க ஓர் அலகு இருக்கிறது. அதன் பெயர் 'குளோ'. 1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை முன்வைத்தார்கள். சுமார் 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இதமாக இருக்கத் தேவையான உடையின் அளவு 1 குளோ. ஏறத்தாழ ஒரு முழு சூட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய பொறியாளர்கள் பயன்படுத்தும் அட்டவணைகளின்படி, காற்சட்டையும் குட்டைக்கைச் சட்டையும் சேர்ந்து சுமார் 0.57 குளோ. முழுக்கைச் சட்டையாக இருந்தால் சுமார் 0.61. அதற்கு மேல் கோட் போட்டால் சுமார் 0.96. அதாவது ஒரே ஒரு கோட், உடம்பின் மேல் உள்ள வெப்பத் தடுப்பைப் பாதிக்கும் மேல் கூட்டிவிடுகிறது.

இதை டிகிரிக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். உட்புற வெப்ப இதத்துக்கான ஐ.எஸ்.ஓ 7730 என்ற அனைத்துலகத் தரநிலை அலுவலகங்களுக்கு இரண்டு இலக்குகளைச் சொல்கிறது. குளிர்கால உடையில் (1 குளோ) இருப்பவர்களுக்குச் சுமார் 22 டிகிரி. கோடைகால மெல்லிய உடையில் (0.5 குளோ) இருப்பவர்களுக்குச் சுமார் 24.5 டிகிரி.

இரண்டரை டிகிரி வித்தியாசம். ஆள் அதே ஆள், வேலை அதே வேலை. மாறியது உடை மட்டும்.

ஆகவே, "கோட் கட்டாயம்" என்று ஒரு விதி எழுதினால், கூடவே "ஏர்கோனை 22-க்குப் பக்கத்தில் வை" என்றும் எழுதியதாகத்தான் அர்த்தம். அந்த இரண்டாவது வரி மட்டும் காகிதத்தில் தெரியாது.

மண்டபத்தைக் குளிர்விப்பது ஏன் இவ்வளவு பெரிய வேலை?

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். பழைய குண்டு பல்பு ஒன்று எரிவது மாதிரி.

222 உறுப்பினர்களும் வந்துவிட்டால் அது ஏறத்தாழ 22 கிலோவாட். உங்கள் வீட்டுப் படுக்கையறையில் இருக்கும் 1 எச்பி ஏர்கோன் மணிக்கு சுமார் 9,000 பி.டி.யூ வெப்பத்தை வெளியேற்றும். அந்த மாதிரி எட்டு, ஒன்பது ஏர்கோன்கள் உறுப்பினர்களின் உடம்புச் சூட்டை வெளியேற்றவே வேண்டும்.

அது தொடக்கம்தான். பார்வையாளர் மாடம், அதிகாரிகள், செய்தியாளர்கள், தொலைக்காட்சி விளக்குகள், கணினிகள் எல்லாம் சேரும். இவற்றைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது: ஈரப்பதம்.

அத்தனை பேர் மூச்சு விடும் இடத்துக்கு வெளிக்காற்றைத் தொடர்ந்து உள்ளே கொண்டுவர வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்குக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தைப் பிழிந்தெடுக்க, காற்றை முதலில் நன்றாகக் குளிரவைக்க வேண்டும். பல பெரிய கட்டடங்களில் அந்தக் குளிர்ந்த காற்று அப்படியே உள்ளே விடப்படுகிறது. அதனால்தான் பேரங்காடியிலும் திரையரங்கிலும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு ஜில்லென்று ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. எந்த நாட்டு நாடாளுமன்றமாக இருந்தாலும் குளிர்சாதன அமைப்பை முழுக் கூட்டத்துக்குத்தான் வடிவமைப்பார்கள். எல்லா நேரமும் எல்லா நாற்காலியும் நிரம்பியிருப்பதில்லை. ஆள் குறைந்தால் வெப்பமும் குறையும். அதற்கேற்ப அமைப்பு தன்னைத் தணித்துக்கொள்ளாவிட்டால் மிச்சம் இருப்பவர்களுக்குக் குளிர் கூடிவிடும்.

மலேசியாவில் எத்தனை டிகிரி இருக்க வேண்டும்?

இதற்கு நம் நாட்டில் ஏற்கனவே வழிகாட்டிகள் இருக்கின்றன.

குடியிருப்பு அல்லாத கட்டடங்களின் எரிசக்திச் சிக்கனத்துக்கான எம்.எஸ். 1525 என்ற மலேசியத் தரநிலை, உட்புற வடிவமைப்பு வெப்பநிலையாக 24 முதல் 26 டிகிரி வரை பரிந்துரைக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் 2010-ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத் தர நெறிமுறை 23 முதல் 26 டிகிரி வரையும், ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு வரையும் இருக்கலாம் என்கிறது.

2011 ஆகஸ்டில், அரசாங்க அலுவலகங்களில் ஏர்கோனை 24 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது என்று அரசாங்கம் அறிவுறுத்தியது. எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிறகு, பெரிய கட்டடங்களின் மின் பயன்பாடு இன்னும் கூர்ந்து பார்க்கப்படுகிறது.

இப்போது மேலே பார்த்த குளோ கணக்கோடு இதை ஒப்பிடுங்கள். 24 முதல் 26 டிகிரி என்பது மெல்லிய உடை போட்டவர்களுக்கு இதமான அளவு. முழு சூட் போட்டவர்களுக்கு அது கொஞ்சம் புழுக்கம்.

அதாவது ஒரு வழிகாட்டி 24 என்கிறது. ஓர் உடை வழக்கம் 22 என்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்கச் சொன்னால், யாராவது ஒருவர் ஏர்கோன் பொத்தானைத் தட்டத்தான் செய்வார்.

அப்படியானால் குளிரில் நடுங்குவது யார்?

கோட் போட்டவருக்கு இதமாக இருக்கும் மண்டபத்தில் கோட் போடாதவருக்கு என்ன ஆகும்? குளிரும்.

அங்கே கோட் போடாதவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். சேலையிலோ பாஜூ கூரோங்கிலோ இருக்கும் பெண்கள். மாடத்தில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள். துப்புரவுப் பணியாளர்கள்.

1970-இல் டென்மார்க் பேராசிரியர் ஓலே ஃபாங்கர் வெளியிட்ட நூல்தான் இன்றைய வெப்ப இதக் கணக்குகளுக்கு அடித்தளம். அந்தக் கணக்கில் உடம்பு உற்பத்தி செய்யும் வெப்பத்துக்கு வழக்கமாகப் பயன்படும் அளவு, ஒரு சராசரி ஆணை வைத்துப் போடப்பட்டது. 2015-இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' ஆய்விதழில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அந்த அளவு பெண்களின் உடல் வெப்ப உற்பத்தியை 35 விழுக்காடு வரை கூட்டிக் காட்டக்கூடும் என்றார்கள்.

2019-இல் பெர்லினில் 500-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. அறை வெப்பம் கூடக்கூட, கணக்கிலும் சொற்புதிரிலும் பெண்களின் மதிப்பெண் கூடியது. ஆண்களின் மதிப்பெண் குறைந்தது, ஆனால் அந்தக் குறைவு பெண்களின் கூடுதலைவிடச் சிறியது.

ஆகவே, "குளிருதுன்னா ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்று சொல்லி முடித்துவிடும் விஷயம் இல்லை இது. யாருடைய உடையை அளவுகோலாக வைத்து அறை குளிர்விக்கப்படுகிறதோ, அவருக்குத்தான் அந்த அறையில் நன்றாக வேலை ஓடும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

ஜப்பான்: அதிகம் பேசப்படும் உதாரணம் இதுதான். 2005 கோடையில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கோய்கே 'கூல் பிஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். அலுவலக ஏர்கோன் 28 டிகிரி. டை வேண்டாம், கோட் வேண்டாம். பிரதமர் ஜூனிச்சிரோ கொய்சுமி தாமே டை இல்லாமல் வெளியே வந்தார். அந்த முதல் கோடையிலேயே சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம் டன் கரியமிலவாயு குறைந்ததாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சு கணக்கிட்டது.

அதற்கு முன்பே, 1979 எண்ணெய் நெருக்கடியின்போது குட்டைக்கை சூட் ஒன்றை அறிமுகப்படுத்திப் பார்த்தார்கள். மேலிடத்தில் பிரதமரே அணிந்தும் அது மக்களிடம் எடுபடவில்லை. 28 டிகிரி ரொம்பப் புழுக்கம் என்ற குறையும் பின்னாளில் எழுந்தது. அதாவது எந்த மாற்றமும் ஒரே முயற்சியில் கைகூடவில்லை.

தாய்லாந்து: 1980-களில் பிரதமராக இருந்த பிரேம் தின்சுலாநோன், உயர்ந்த கழுத்துப் பட்டை கொண்ட உள்நாட்டு பாணிச் சட்டையை அரசாங்க நிகழ்ச்சிகளில் அணிந்து பிரபலப்படுத்தினார். கோட்டும் டையும் இல்லாமலே அது முறையான உடையாக ஏற்கப்பட்டது. பிலிப்பைன்ஸில் உடம்பு தெரியும் அளவுக்கு மெல்லிய 'பாரோங்' சட்டை அதிபர் முதல் உறுப்பினர்வரை எல்லாரும் அணியும் உயர்தர உடை.

பிரிட்டன்: டை கட்டாயமில்லை என்று 2017-இல் அன்றைய சபாநாயகர் ஜான் பெர்கோ சொன்னார். அடுத்து வந்த சபாநாயகர் லின்சே ஹோய்ல் 2021-இல் விதியை இறுக்கினார்: கோட் அணிய வேண்டும், ஜீன்ஸ் கூடாது. மறு ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தில் வரலாறு காணாத வெயில். 40 டிகிரியைத் தாண்டியது. அதே ஹோய்ல், வெயில் தணியும்வரை கோட் இல்லாமல் அவைக்கு வரலாம் என்று விட்டுக்கொடுத்தார். கோட்டின் தாயகமே வெயிலுக்குப் பணிந்த கதை இது.

நியூசிலாந்து: 2021 பிப்ரவரி 9-ஆம் தேதி மாவோரி கட்சியின் ராவிரி வைட்டிட்டி டை கட்டாமல், தன் இனத்தின் பாரம்பரியப் பதக்கத்தை அணிந்து பேச எழுந்தார். சபாநாயகர் ட்ரெவர் மல்லார்ட் அவரை வெளியேற்றினார். மறுநாளே டை கட்டாயம் என்ற விதி கைவிடப்பட்டது. இங்கே பிரச்சினை வெயில் இல்லை. யாருடைய உடை 'முறையான உடை' என்பதுதான்.

அமெரிக்கா: வாஷிங்டன் கோடை தாங்க முடியாத புழுக்கம். பிரதிநிதிகள் சபைக்கு 1928-இலும் செனட் சபைக்கு 1929-இலும் ஏர்கோன் வந்தது. அதன் பிறகு கோட்டைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. 2023 செப்டம்பரில் செனட் சபை உடை விதியைத் தளர்த்தியது. எதிர்ப்பு கிளம்பியதும், அதே மாதம் 27-ஆம் தேதி ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம் என்று எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேறியது.

விதி வேண்டும் என்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோரின் வாக்கைச் சுமந்து வரும் இடம் அது. கல்யாண வீட்டுக்குப் போவதற்கே நாம் உடை பார்க்கிறோம், நாட்டுச் சட்டம் எழுதும் இடத்துக்குப் பார்க்க வேண்டாமா என்பது முதல் வாதம்.

இரண்டாவது, ஒரே மாதிரி உடை இருந்தால் யார் பணக்காரர், யார் ஏழை என்று பளிச்சென்று தெரியாது. மூன்றாவது, விதியை ஒரேயடியாக எடுத்துவிட்டால் வாசகம் அச்சிட்ட டி-சட்டைகள் வந்துவிடும். விவாதம் உடையைப் பற்றியே சுற்றும்.

கவனித்தால் இந்த மூன்று வாதங்களும் 'ஒழுங்கான உடை வேண்டும்' என்கின்றன. 'கம்பளிக் கோட்தான் வேண்டும்' என்று எதுவும் சொல்லவில்லை. மரியாதைக்கும் துணியின் கனத்துக்கும் தொடர்பு இல்லை.

வேட்டி 'ஃபார்மல்' இல்லையா?

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்காகச் சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்குப் போனார். வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடவில்லை.

சென்னை வெயிலில், தமிழ்நாட்டில், பதவியில் இருக்கும் ஒரு நீதிபதிக்கே இந்த நிலை என்றதும் சட்டமன்றத்தில் புயல் வீசியது. அதே ஆண்டு, வேட்டி கட்டியவர்களைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று தனிச் சட்டமே வந்தது. மீறினால் 25,000 ரூபாய் அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு.

அந்த கிளப்பின் விதி பிரிட்டிஷார் காலத்து மனப்பான்மையின் மிச்சம் என்று அன்று பலர் பேசினார்கள். வெப்பக் கணக்கை யாரும் பேசவில்லை. பேசியிருந்தால், பருத்தி வேட்டி, சட்டை இந்த வெப்பத்துக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதும் சேர்ந்தே வெளிவந்திருக்கும்.

மலேசியாவில் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது: பாத்தேக். 2008 முதல் அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்தேக் அணிகிறார்கள். விருந்து அழைப்பிதழ்களில் 'லவுஞ்ச் சூட் அல்லது நீண்டகை பாத்தேக்' என்று அச்சிட்டிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மெல்லிய துணி, டை தேவையில்லை, ஆனால் யாரும் அதை அவமரியாதை என்று சொல்வதில்லை.

சரி, காப்பாருக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. கடலோரமாகப் போனால் தெரியும் உயரமான புகைபோக்கிகள் உங்களுக்குப் பழக்கமானவைதான். சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின் நிலையம். 1980-களில் இருந்து கட்டங்கட்டமாக வளர்ந்தது. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் மூன்றிலும் இயங்கும்படி அமைந்த அதன் மொத்தத் திறன் ஒரு காலத்தில் 2,420 மெகாவாட். நாட்டின் மிகப் பெரிய அனல் மின் நிலையங்களில் ஒன்று.

கோலாலம்பூரில் ஓர் ஏர்கோனை 24-இலிருந்து 22-க்குத் தட்டும்போது, அதற்கான மின்சாரம் இந்த மாதிரி ஒரு நிலையத்திலிருந்துதான் வர வேண்டும். எரியும் நிலக்கரி பெரும்பாலும் இறக்குமதி. புகைபோக்கிக்குப் பக்கத்தில் குடியிருப்பது காப்பார் மக்கள்.

எவ்வளவு மிச்சமாகும்? ஏர்கோனை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது இந்திய எரிசக்தித் திறன் வாரியம் சொல்லும் தோராயக் கணக்கு. 2020 முதல் அங்கே நட்சத்திரக் குறியீடு பெற்ற புதிய அறை ஏர்கோன்கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. பெரிய கட்டடங்களின் மத்திய அமைப்பில் இந்த விழுக்காடு மாறும். ஆனாலும் இரண்டு டிகிரி என்பது அலட்சியப்படுத்தும் அளவு இல்லை.

நேர்மையாகச் சொன்னால், மக்களவை மண்டபம் ஒன்றில் மட்டும் மிச்சப்படுத்துவதால் எந்த மின் நிலையமும் மூடப்படாது. ஆனால் நாடாளுமன்றம் எப்படி உடுத்துகிறதோ அப்படித்தான் அமைச்சுகள் உடுத்தும். அமைச்சு உடுத்துவதைப் பார்த்து வங்கி, வங்கியைப் பார்த்து நேர்முகத் தேர்வுக்குப் போகும் நீங்கள். உச்சியில் கோட் இருக்கும்வரை, கீழே எல்லா அலுவலகங்களிலும் 24 டிகிரி என்பது சுவரில் ஒட்டிய அறிவிப்பாகவே இருக்கும்.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. மேருவிலும் கிள்ளான் துறைமுகத்திலும் வெயிலில் நின்று வேலை செய்பவர்களின் சார்பில்தான் அந்த மண்டபத்தில் பேசுகிறார்கள். வெப்ப அலை பற்றிய விவாதம்கூட, கோட் போட்டால்தான் உட்கார முடியும் என்ற குளிரில் நடக்கிறது.

என்ன மாற்றம் செய்ய முடியும்?

புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. மூன்று விஷயங்களை ஒன்றாகச் செய்தால் போதும்.

ஒன்று, ஒழுங்கான மெல்லிய உடைகளைத் தெளிவாகப் பட்டியலிட்டு, கோட்டுக்குச் சமமாக வைப்பது. பாத்தேக், பாஜூ மெலாயு, வேட்டி-சட்டை, கோட் இல்லாத முழுக்கைச் சட்டை எதுவாகவும் இருக்கலாம். கோட் போட விரும்புபவர் போட்டுக்கொள்ளட்டும். அது கட்டாயமாகவோ அளவுகோலாகவோ இருக்க வேண்டாம்.

இரண்டு, உடை மாறிய பிறகு ஏர்கோனை 24-க்கு மேல் கொண்டுபோவது. வரிசையை மாற்றினால் வேலைக்கு ஆகாது. கோட்டைக் கழற்றச் சொல்லாமல் வெப்பத்தைக் கூட்டினால் புகார்தான் வரும். கோட்டைக் கழற்றிவிட்டு வெப்பத்தைக் கூட்டாவிட்டால் எல்லாருமே நடுங்குவார்கள்.

மூன்று, ஈரப்பதத்தையும் ஆள் எண்ணிக்கையையும் உணர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும் குளிர்சாதன அமைப்பு. கொஞ்சம் காற்றோட்டத்தைக் கூட்டினாலே உடம்புக்குக் குளிர்ச்சி தெரியும். மின்விசிறி போட்டால் அறை வெப்பநிலை மாறாமலே இதமாக இருப்பதை வீட்டில் நீங்கள் அனுபவித்திருப்பீர்கள்.

'உடை விதியைத் தளர்த்தினால் ஒழுங்கு போய்விடும்' என்று யாராவது சொன்னால், 2023-ஐ நினைவுபடுத்துங்கள். அந்த வருஷம் வெயில் கொளுத்தியபோது, மாணவர்கள் சீருடைக்குப் பதில் விளையாட்டு உடையில் பள்ளிக்கு வரலாம் என்று கல்வி அமைச்சு அனுமதித்தது. பள்ளிக்கூடம் வழக்கம்போல் நடந்தது. பிள்ளைகளுக்கு வெயில் ஒரு காரணம் என்றால், பெரியவர்களுக்கும் அது காரணம்தான்.

அடுத்த முறை நேரலை பார்க்கும்போது

18 வயதாகிவிட்டால் நீங்கள் இப்போது வாக்காளர். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேள்வி சிக்கலாக இருக்க வேண்டியதில்லை: "மண்டபத்தில் ஏர்கோன் எத்தனை டிகிரியில் இருக்கு? ஏன் அந்த எண்?"

அதே கேள்வியை உங்கள் கல்லூரி விரிவுரை மண்டபத்திலும், வேலை செய்யும் இடத்திலும் கேட்டுப் பாருங்கள். நாற்காலி முதுகில் எத்தனை பேர் ஜாக்கெட் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வெளியே 33 டிகிரி இருக்கும் ஊரில், உள்ளே உட்காருவதற்காகவே ஒரு கம்பளி உடை வாங்கி வைத்திருக்கிறோம் என்றால், அந்த அறையின் குளிர் யாருக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பதில் தவறில்லை.

நாடாளுமன்றத்தைப் பார்வையிடப் பள்ளியோடு போகிறீர்கள் என்றால், தோளும் முழங்காலும் மூடிய ஒழுங்கான உடையில் போங்கள். கையில் ஒரு ஸ்வெட்டரும் இருக்கட்டும், இப்போதைக்குத் தேவைப்படலாம்.